வெள்ளைக் குட்டிகள்

குட்டிகள் தூங்குகின்றன என்றுதான் முதலில் நினைத்தேன்.

செங்குன்றத்தைத் தாண்டி ஏரிக்கரையை ஒட்டியிருந்த தெருநாய்க் காப்பகத்தில் அன்றைக்கு எங்கள் மாலை வகுப்பின் செய்முறைப் பயிற்சி. கறுப்புத் தாய்நாய் ஒன்று சாக்கின்மேல் படுத்திருந்தது. அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு ஒரு மாதக் குட்டிகள். எல்லாமே பஞ்சு மாதிரி வெள்ளை. சமையல்காரப் பெண் சோற்றுத் தட்டுகளைச் சிமெண்டுத் தரையில் போட்டாள். அந்தச் சத்தத்துக்குக் கொட்டகையே குரைத்தது. தாய்நாய் எழுந்து நின்றது. குட்டிகள் அசையவில்லை. குனிந்து பார்த்தேன். ஒரு குட்டி கண்களை அகலத் திறந்து வைத்துக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் தலைக்குப் பின்னால் கைதட்டினேன். அது திரும்பவில்லை.

"இன்னும் கொஞ்சம் பலமா தட்டு செண்பா. கச்சேரி முடிஞ்சுதுன்னு நெனச்சு எழுந்துக்கும்," என்றான் கூடப் படிக்கும் பிரான்சிஸ்.

"தட்டிப் பிரயோஜனம் இல்ல," என்றார் எங்களுக்குப் பாடம் எடுக்கும் டாக்டர் நஸ்ரின். "அதுங்க எல்லாத்துக்கும் காது கேக்காது."

என் முழுப்பெயர் செண்பகவல்லி. பகலில் 'எழிலாள்' என்ற பெண்கள் மாத இதழில் உதவி ஆசிரியர். அழகுக் குறிப்புப் பக்கங்கள் என் பொறுப்பு. மாலையில் கால்நடை மருத்துவ உதவியாளர் பட்டய வகுப்பு. ஏன் சேர்ந்தாய் என்று கேட்டால் சரியான பதில் இல்லை. முகப்பருவுக்கு முல்தானி மட்டி என்று மாதாமாதம் வேறு வேறு சொற்களில் எழுதி அலுத்துப்போய், உண்மையான ஏதாவது ஒன்றைக் கற்க வேண்டும் என்று தோன்றியிருக்கலாம். அதுவும் பிற்பாடு நானே சொல்லிக்கொண்ட காரணமாக இருக்கலாம். வகுப்பில் முதல் வாரம் கற்றுத்தந்தது இது: பார்த்ததை முதலில் எழுது, பிறர் சொன்னதை அடுத்து எழுது, நீ என்ன முடிவுக்கு வந்தாய் என்பதைக் கடைசியில் எழுது, மூன்றையும் கலக்காதே. அன்றிலிருந்து என் நாட்குறிப்பையும் அப்படித்தான் எழுதி வருகிறேன். எனக்கு என் முடிவுகள் மேல் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. அதனால் அந்த முறை பிடித்திருந்தது.

பார்த்ததைச் சொல்லிவிட்டேன். இனி டாக்டர் நஸ்ரின் சொன்னது.

"அப்பன் வெள்ளையா டாக்டர்?" என்று பிரான்சிஸ் கேட்டான்.

"அப்பன் யாருன்னு அந்த நாய்க்கே தெரியாது. அம்மா ஊசி போட்டவ. அது எனக்குத் தெரியும். ஏன்னா ஊசி நான் கண்டுபிடிச்சது."

நாங்கள் அவரைப் பார்த்தோம். அவருக்கு முப்பத்தைந்து வயதுக்குமேல் இருக்காது. சொறி பிடித்த நாயைத் தொட்ட கையை அப்படியே சுடிதாரில் துடைத்துக்கொள்வார். பெரிய கண்டுபிடிப்பாளர் என்று யாரும் நினைக்கமாட்டார்கள்.

"தெருநாய்க்குச் சொறி ஏன் வருது? கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி முடி வேருக்குள்ள குடியிருக்கு. மருந்து குடுத்தா சாகும். நிறுத்தினா திரும்ப வந்துடும். தெருநாய்க்கு யாரு தினம் மருந்து குடுப்பா? அதனால நாங்க பூச்சியைக் கொல்லல. நாயோட உடம்புக்குப் பூச்சியைக் காட்டிக் குடுத்தோம். ஸ்டேஷன்ல திருடன் போட்டோ ஒட்டியிருப்பாங்கல்ல, அப்படி. ஒரே ஊசி. அதுக்கப்புறம் உடம்பே தேடிப் பிடிச்சு அடிச்சிடும். ஆயுசுக்கும் மறக்காது."

"சூப்பர்ல?" என்றான் பிரான்சிஸ்.

"சூப்பர்தான். ஆனா போட்டோ கொஞ்சம் மங்கல். முடி வேர்ல நிறம் உண்டாக்கற செல் ஒண்ணு இருக்கு. அதோட மூஞ்சியும் அந்தப் போட்டோவுக்குக் கொஞ்சம் ஒத்துப்போச்சு. ஊசி போட்ட கறுப்பு நாய்ங்களுக்கு மூக்கு ஓரம் லேசா வெளுத்துது. பக்க விளைவுன்னு என் ஆய்வறிக்கையில ஒரே ஒரு வரி எழுதினேன்." அவர் ஒரு வெள்ளைக் குட்டியைத் தூக்கி அதன் காதைத் திருப்பிப் பார்த்தார். "அழகு சாமான் கம்பெனிக்காரங்க அந்த ஒரு வரியை மட்டும் படிச்சாங்க."

கம்பெனியின் பெயரைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. பூச்சியின் அடையாளத்தை நீக்கிவிட்டு நிறச் செல்லின் அடையாளத்தை மட்டும் வைத்து அவர்கள் செய்த ஊசிக்கு 'நிலா' என்று பெயர். எங்கள் பத்திரிகையின் பின்னட்டையில் இரண்டு வருடமாக அதுதான் வருகிறது. இரண்டு ஊசியையும் தயாரிக்கும் இடம் ஒன்றே. நிலா வந்ததும் நாய் ஊசி நின்றுபோனது. காப்பகத்தின் மறுபக்கத்தில் புதிதாகப் பிடித்துவந்த நாய்கள் உடம்பெல்லாம் புண்ணாகச் சுவரில் தேய்த்துக்கொண்டிருந்தன.

"குட்டிக்கு எப்படி டாக்டர் வந்துச்சு?" என்று கேட்டேன்.

"பொறந்தப்ப அம்மா மாதிரி கறுப்புதான். நாய்க்குச் சீம்பால் வழியா அம்மாவோட எதிர்ப்புச் சக்தி குட்டிக்குப் போகும். பிஞ்சு உடம்பு அதைத் தாங்காது, வளர வளர முழுசா வெளுத்துடுச்சு. வெளுத்தா என்ன, அழகாத்தானே இருக்குன்னு விட்டுடலாம். ஆனா அந்த நிறச் செல் தோல்ல மட்டும் இல்ல. உள்காதுலயும் இருக்கு. அது இல்லாம காது வேலை செய்யாது. பெரிய உடம்புல உள்காதுக்கு ஒரு காவல் இருக்கு, அங்க அடிக்க விடாது. குட்டிக்கு அந்தக் காவல் இன்னும் உண்டாகல."

"மனுஷங்களுக்கு?"

"மனுஷிக்குப் பால்கூட வேண்டாம். தொப்புள்கொடி வழியாவே போயிடும்."

நான் கேட்க வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. பிரான்சிஸ்தான் கேட்டான்: "தடுக்க முடியாதா?"

"முடியும். அஞ்சாம் மாசம் முடியறதுக்குள்ள ஆரம்பிச்சு, அம்மாவோட ரத்தத்தை வடிகட்டி அந்த எதிர்ப்புப் புரதத்தை எடுத்துடணும். டயாலிசிஸ் மாதிரிதான், வாராவாரம். குழந்தை அதோட சொந்த நிறத்துல பொறக்கும். காதும் கேக்கும். மகப்பேறு டாக்டர் ஒருத்தங்க என் கூடப் படிச்சவங்க, செஞ்சு தரத் தயாரா இருக்காங்க. ஆனா யாரு வருவா? வந்து, காசு குடுத்து வாங்கின வெள்ளையை வடிகட்டி எடுங்கன்னு யாரு சொல்லுவா?"

என் அக்கா காந்திமதிக்கு அப்போது நான்காம் மாதம்.

*

அக்கா நிலா போட்டுக்கொண்டது கல்யாணத்துக்கு முன்னால். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கட்டாயப்படுத்த வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை என்பதுதான் சரி. கோவில்பட்டியில் பள்ளிக்கூடத்தில் அவளுக்குத் தார் டின் என்று பெயர். கரண்டு போனால், "மதி, பல்லைக் காட்டுட்டி, எங்க இருக்கேன்னு தெரியட்டும்," என்பார்கள். சொல்கிறவர்களும் கறுப்புதான். பெண் பார்க்க வந்தவர்கள் காபி குடித்துவிட்டு, "சின்னவளுக்கு எத்தனை வயசு?" என்று என்னைக் காட்டிக் கேட்பார்கள். நான் அக்காவைவிடக் கொஞ்சம் நிறம். ஓர் இம்மி அளவுதான்.

அந்த நிறத்துக்கு ஓர் அட்டை உண்டு என்பது எனக்கு வேலையில் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. எங்கள் பக்க வடிவமைப்பாளர் ஞானப்பிரகாசம் சார் மேசையில் அது ஒட்டியிருக்கும். வெளிறிய சந்தனத்திலிருந்து கோதுமை வரை சில கட்டங்கள். பத்திரிகையில் வரும் எந்தப் பெண் முகத்தையும் அந்தக் கட்டங்களுக்குள் கொண்டுவந்துவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்புவார்.

"இது யாரு சார் முடிவு பண்ணது? இதுதான் அழகுன்னு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அழகா? போம்மா நீ வேற. நம்ம பேப்பர் மட்டமான பேப்பர். மை குடிக்கும். கொஞ்சம் கறுத்த மூஞ்சி வந்தா, கண்ணு எது மூக்கு எதுன்னு தெரியாம சேறாயிடும். அதுக்காகப் பழைய மேனேஜர் போட்ட அட்டை இது. இதுக்கு மேல கறுப்பு வேண்டாம்னு. அவரு ரிடையர் ஆயிட்டாரு, அட்டை ஆகல."

நிலா கம்பெனிக்காரர்கள் எவ்வளவு வெளுக்க வைப்பது என்று ஓர் அளவு தேடியபோது, பெண்கள் எதை விரும்புகிறார்கள் என்பதற்கு ஆதாரமாக எங்களிடம்தான் வந்தார்கள். அந்த அட்டையைத்தான் வாங்கிக்கொண்டு போனார்கள். என் அக்காவின் முகம் இன்று மட்டமான காகிதத்துக்குப் பொருத்தமாக இருக்கிறது.

செய்முறைப் பயிற்சிக்கு மறுநாளே அம்பத்தூரில் இருந்த அக்கா வீட்டுக்குப் போனேன். மாமா தனபால் வேலைக்குப் போயிருந்தார். அக்காவின் மாமியார் உள்ளே டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்படியில் வைத்து, கேட்டதை எல்லாம் அக்காவிடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். புருவம்கூட வெளுத்துவிட்டதால் பென்சிலால் வரைந்திருந்தாள். வியர்வையில் ஒரு பக்கம் லேசாகக் கரைந்திருந்தது.

"யாரு சொன்னா இதை?"

"எங்க டாக்டர்."

"நாய் டாக்டரா?"

"ஊசியைக் கண்டுபிடிச்சதே அவுகதான்க்கா."

"ஏட்டி, எங்க அத்தைகிட்ட போயி, நாய்க்கு வைத்தியம் பாக்கவ சொல்லுதா, என் ரத்தத்தை வடிகட்டப் போறேன்னு சொன்னா என்ன சொல்லுவாக? உனக்கே தெரியும்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "வாராவாரம் ஆஸ்பத்திரி. அவுக விட்டாத்தான் நான் வாசலைத் தாண்ட முடியும். அவுக எதை நம்புவாக தெரியுமா? உங்க புத்தகத்தை. ஓட்ஸ் தின்னா சுகர் குறையும்னு நீ எழுதினேல்லா, அன்னைலருந்து ஓட்ஸ்தான். நீ புத்தகத்துல போடு. மத்ததை நான் பாத்துக்கிடுதேன்."

அது எனக்குச் சரியென்று பட்டது. அஞ்சாம் மாதம் முடிவதற்குள் ஓர் இதழ் வந்துவிடும்.

*

ஆசிரியர் வசுமதி மேடம் மறுப்பார் என்று எதிர்பார்த்து, பதில்களை எல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். அவர் மறுக்கவில்லை. "நாய்க்குட்டியா? போட்டோ இருக்கா? வெள்ளையா, பொசுபொசுன்னு? எழுது. நம்ம வாசகிகளுக்கு நாய்க்குட்டின்னா உயிர். ஆனா நிலா பேரு வரக்கூடாது, பின்னட்டை அவங்களோடது," என்றார்.

இரண்டு வாரம் உழைத்தேன். டாக்டர் நஸ்ரின் மூலம், நிலா போட்டுக்கொண்டு குழந்தை பெற்ற இரண்டு பெண்களைச் சந்தித்தேன். குழந்தைகள் தந்தக் கடைசல் மாதிரி இருந்தன. ஒருத்தி குழந்தையின் தலைக்குப் பின்னால் நின்று கிலுகிலுப்பையை ஆட்டிக் காட்டினாள். குழந்தை திரும்பவில்லை. கிலுகிலுப்பையை வைத்துவிட்டாள்.

எழுதும்போது எங்கே எதை வைப்பது என்று எனக்குக் குழப்பம் வரவில்லை. பழக்கம் இருந்தது. பார்த்ததை முதலில் எழுதினேன்: கறுப்புத் தாய், வெள்ளைக் குட்டிகள், தந்த நிறக் குழந்தைகள். அடுத்து மருத்துவர்கள் சொன்னது: தாயின் உடம்பில் போட்ட ஊசி தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகிறது. கடைசிப் பத்தியில் முடிவு: குழந்தைக்குக் காது கேட்காமல் போகும், தடுக்க வழி இருக்கிறது, இத்தனை மாதத்துக்குள் இங்கே வாருங்கள். எழுதி முடித்தபோது, படிக்கிறவர்களை ஒவ்வொரு படியாக அழைத்துக்கொண்டு வந்து அந்த இடத்தில் நிறுத்தியிருப்பதாக நினைத்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக நான் எழுதிய ஒன்று எனக்கே பிடித்திருந்தது.

பக்கம் முடிக்கும் நாளில் எனக்கு வகுப்பில் தேர்வு. சீக்கிரம் கிளம்பிவிட்டேன். அன்று மாலை குழந்தை சோப்பு விளம்பரம் ஒன்று வந்தது. குழந்தைகள் பற்றிய கட்டுரைக்குக் கீழேதான் அது போக வேண்டும் என்று விளம்பரப் பிரிவு சொன்னது. இடம் போதவில்லை. ஞானப்பிரகாசம் சார் இடம் போதாத எல்லாக் கட்டுரைக்கும் செய்வதையே செய்தார். கீழேயிருந்து வெட்டினார்.

அச்சாகி வந்த பிரதியைப் பார்த்தபோது முதலில் எனக்குப் புரியவில்லை. பக்கம் புரட்டினால் மீதி இருக்கும் என்று புரட்டினேன். மறுபக்கத்தில் ராசிபலன்.

"பத்திரிகைல முக்கியமானது மேல இருக்கும், கொசுறுதான் கீழ இருக்கும்," என்றார் ஞானப்பிரகாசம் சார். அவருக்கும் முகம் வாடித்தான் இருந்தது. "முப்பது வருஷமா அப்படித்தான் வெட்டறேன். ஒரு ஆளும் ஒரு குறையும் சொன்னதில்ல. நீ பத்திரிகைக்காரிதானே? உயிர்நாடியைக் கொண்டுபோய் வாலுல வச்சா நான் என்னம்மா பண்ணுவேன்?"

அவர் சொன்னது சரி. தலைப்பை வசுமதி மேடம் மாற்றியிருந்தார்: 'கருவிலேயே ஒளிரும் கண்மணிகள்!' நாய்க்குட்டிகளின் படத்தைவிடக் குழந்தைகளின் படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். அந்தக் குழந்தைகளையும் சார் பழக்கதோஷத்தில் இன்னும் ஒரு கட்டம் வெளுக்க வைத்திருந்தார். கட்டுரை, "இவ்வாறு தாயின் நிறப் பொலிவு குழந்தைக்கும் சென்று சேர்கிறது," என்ற வரியோடு முடிந்திருந்தது. 'நிறப் பொலிவு' என்று நான் எழுதவில்லை. ஆனால் மற்ற எல்லாச் சொற்களும் என்னுடையவை.

அலுவலகத் தொலைபேசி ஓயவில்லை. ஊசியை எந்த மாதத்தில் போட்டால் குழந்தைக்கு நன்றாகப் பிடிக்கும் என்று கேட்டார்கள். ஏற்கெனவே மூன்று மாதக் கர்ப்பம், இப்போது போடலாமா என்று கேட்டார்கள். மருமகளுக்குத் தெரியாமல் போட முடியுமா என்று ஓர் அம்மாள் கேட்டார். ஒவ்வொருவருக்கும் நான் விளக்கினேன். "அப்போ ஏன் புக்குல போடல?" என்றார்கள். அடுத்த இதழில் 'இடமின்மையால் விடுபட்ட பகுதி' என்று வாசகர் கடிதங்களுக்கு நடுவே பொடி எழுத்தில் வரும் என்று வசுமதி மேடம் சொன்னார். வந்தது. அதற்கு ஒரு தொலைபேசிகூட வரவில்லை.

*

அக்கா வீட்டில் எனக்கு அன்று கேசரி கிடைத்தது.

"வாம்மா, வா வா! எழுத்தாளர் வந்துட்டாங்க!" என்றார் அவள் மாமியார். கையில் இதழ் இருந்தது. பக்கத்தை மடித்து வைத்திருந்தார். "மாடி வீட்டு மைதிலி வந்து சொல்றா, உங்க மருமக தங்கச்சி எழுதியிருக்காளாமேன்னு. என் பேரக்குழந்தை பொறக்கும்போதே தங்கமா பொறக்கப் போகுதுன்னு ஊருக்கே தெரிஞ்சு போச்சு."

"அத்தை, அதுல பாதி வரலை. அந்தக் குழந்தைங்களுக்குக் காது கேக்காது. நான் நேர்ல பாத்தேன்."

அவர் கேசரிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "புக்குல ஒண்ணு எழுதுவ, வீட்டுல வந்து ஒண்ணு சொல்லுவியா? அப்போ எது பொய்?"

"புத்தகத்துல வெட்டிட்டாங்க."

"நல்லதை வச்சுட்டுக் கெட்டதை வெட்டினாங்களா? நல்லா இருக்கே கதை." அவர் குரல் கோபமாக இல்லை, பரிவாக இருந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது. "இதோ பாரும்மா, நீ இன்னும் கல்யாணம் ஆகாதவ. உன் மனசுல ஒண்ணும் இருக்காது, எனக்குத் தெரியும். ஆனா கூடப்பொறந்தவளுக்கு ஒரு நல்லது வரும்போது இப்படி வாய் வைக்கக்கூடாது."

அக்கா வெயில் முழுதாக இறங்கட்டும் என்று காத்திருந்து, காய்ந்த துணியை எடுக்க மாடிக்குப் போனாள். வெயில் பட்டால் அவள் தோல் கொப்பளிக்கும். நானும் பின்னால் போனேன்.

"நீயாவது நம்புதியாக்கா?"

"நம்பாம என்ன? நீ பொய் சொல்லுத ஆளா? பொய் சொல்லத் தெரிஞ்சா இந்நேரம் பெரிய ஆளா ஆயிருப்பே."

"அப்ப நாளைக்கே வா. அத்தைகிட்ட ஸ்கேன் எடுக்கப் போறோம்னு சொல்லு. டாக்டர் நஸ்ரின் அந்த டாக்டரம்மாகிட்ட பேசிட்டாங்க. பணமும் வேண்டாம்னுட்டாங்க. அஞ்சாம் மாசம் முடிய இன்னும் நாள் இருக்கு."

அவள் ஒரு சட்டையை உதறி மடித்தாள். அடுத்ததை எடுத்தாள்.

"வடிகட்டினா என்ன மாதிரி பொறக்கும்?"

"நல்லா பொறக்கும். காது கேக்கும்."

"அதைக் கேக்கல."

எனக்குப் புரிந்தது. "நம்ம மாதிரி பொறக்கும்க்கா."

"உன்னை மாதிரியா, என்னை மாதிரியா? முன்னால இருந்த என்னை மாதிரி?"

நான் டாக்டரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுவரவில்லை.

"இந்த வீட்டுல யாருக்கும் நான் எப்படி இருந்தேன்னு தெரியாது. பழைய போட்டோ எல்லாத்தையும் நம்ம அம்மா எரிச்சுட்டா. கறுப்பா ஒண்ணு பொறந்தா, இது யாரு சாடைன்னு கேப்பாக. நான்தான்னு சொல்லணும். என்னைத்தான் உரிச்சு வச்சிருக்குன்னு சொல்லிக் காட்டணும்."

"ஊசி போட்டது அவுகளுக்குத் தெரியுமேக்கா."

"ஊசி தெரியும். தார் டின் தெரியாதுல்லா?"

"அதுக்காகக் காதை..."

"ஏட்டி செண்பா." அவள் மடித்த துணிகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். மாலை மங்கலில் அவள் முகம் எந்தக் குறியும் இல்லாமல் சமமாக இருந்தது. "நான் பொறந்ததுலருந்து என்னென்ன கேட்டேன்னு உனக்குத் தெரியும். நீ பக்கத்துலதான் நின்னே. பள்ளிக்கூடத்துல, கல்யாண வீட்டுல, பஸ்ல. நம்ம ஆச்சி சாகக் கெடக்கும்போது கடைசியா என்னைப் பாத்து என்ன சொன்னா? எனக்குக் காது நல்லா கேட்டுச்சு. ஒண்ணு விடாம கேட்டுச்சு. என்ன பிரயோஜனம்? எம் பிள்ளைக்கு அது கேக்க வேண்டாம். ஒண்ணும் கேக்க வேண்டாம்."

கீழே இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினாள். அஞ்சாம் மாதம் முடியும்வரை வாரம் ஒருமுறை அவளுக்குப் போன் செய்தேன். ஒவ்வொரு முறையும் எடுத்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டாள். அதற்கு மேல் பேச விடவில்லை.

டாக்டர் நஸ்ரினிடம் சொன்னேன். நான் அழைத்து வந்துவிடுவேன் என்று அவர் முழுதாக நம்பியிருக்கவில்லை போலிருக்கிறது. "நாய்க்கு இந்தக் கவலை எல்லாம் கிடையாது," என்று மட்டும் சொன்னார். அந்த வருடக் கடைசியில் அவர் வகுப்பை விட்டுவிட்டார்.

*

பெண் பிறந்தாள். மாமியார் சுவேதா என்று பெயர் வைத்தார். பெயரைச் சொல்லி அழைத்தால் குழந்தைக்குத் தெரியாது; ஆனாலும் எல்லோரும் சொல்லிச் சொல்லிக் கொஞ்சினார்கள்.

பட்டயம் வாங்கிய பிறகு நான் வேறொரு மாலை வகுப்பில் சேர்ந்தேன். சைகை மொழி வகுப்பு. அறை நிறைய இளம் தாய்மார்கள், மடியில் தந்தச் சிலை மாதிரிக் குழந்தைகள். கற்றுத்தரும் எஸ்தர் டீச்சருக்கும் பிறவியிலேயே காது கேட்காது. முதல் நாள் எங்கள் முகங்களை எல்லாம் நிதானமாகப் பார்த்துவிட்டு, கரும்பலகையில் எழுதினார்: 'காது கேளாதது எனக்குக் குறையாகத் தெரிந்ததில்லை. ஆனால் என்னை யாரும் விலை கொடுத்து இப்படிச் செய்யவில்லை.' எழுதியதை அழித்துவிட்டு, கைவிரல்களால் 'அ' என்ற எழுத்தை எப்படிச் சொல்வது என்று காட்டத் தொடங்கினார்.

இதற்கிடையில் 'எழிலாள்' வழவழப்பான காகிதத்துக்கு மாறியது. எந்தக் கறுப்பும் அதில் துல்லியமாக விழுந்தது. 'இது கருமையின் ஆண்டு' என்று வசுமதி மேடம் அட்டையில் போட்டார். கறுத்த பெண்களைத் தேடி எங்கள் புகைப்படக்காரர்கள் அலைந்தார்கள். இளம் வயதில் அவ்வளவாகக் கிடைக்கவில்லை. நிலா போட்டவர்கள் பழையபடி ஆக முடியுமா என்று கேட்டு வரும் கடிதங்களை என்னிடம் அனுப்புகிறார்கள். உடம்பு மறக்காது என்று ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுகிறேன். சுருக்கமாக, முதல் வரியிலேயே.

சுவேதாவுக்கு மூன்று வயது ஆனபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மாமியார் கோயிலுக்குப் போயிருந்தார். அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தாள். அதை நான் மறைக்கக்கூடாது.

"பாத்தியாட்டி, எப்படி வளருதா! போன வாரம் கல்யாண வீட்டுல எல்லாரும் கை மாத்திக் கை மாத்தித் தூக்கினாக. ஒரு சொல்லு இல்ல. நானும் கவனிச்சுக்கிட்டேதான் இருந்தேன். ஒரு சொல்லு யாரும் அவளைச் சொல்லல. சொன்னாலும் அவளுக்கு விழாது."

நான் தரையில் உட்கார்ந்து சுவேதாவுக்குச் சைகையில் வணக்கம் சொன்னேன். அவள் திருப்பிச் சொன்னாள். கெட்டிக்காரி. நான் கற்றுக்கொள்வதைவிட வேகமாகக் கற்றுக்கொள்கிறாள். சித்தி என்று செய்து காட்டினேன். செய்தாள். பிறகு என் வலது கையைப் பிடித்து அருகில் இழுத்து, மணிக்கட்டை உற்றுப் பார்த்தாள். தன் ஆட்காட்டி விரலை நாக்கில் வைத்து ஈரமாக்கி என் தோலில் தேய்த்தாள். விரலைத் தூக்கிப் பார்த்தாள். ஒன்றும் ஒட்டவில்லை. மறுபடி ஈரமாக்கி, இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. எழுந்துபோய், சாப்பாட்டு மேசை துடைக்கிற ஈரத்துணியை எடுத்து வந்தாள். என் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்து துடைக்கத் தொடங்கினாள். நடுவில் நிறுத்தி, மூக்கைச் சுருக்கி, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக் காட்டினாள். அது எஸ்தர் டீச்சர் கற்றுத்தந்த சைகை இல்லை. கோவில்பட்டியில் பெண் பார்க்க வந்தவர்கள் காபி டம்ளருக்கு மேலாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்களே, அது.

அக்கா தண்ணீர்க் குழாயை மூடினாள்.

"நான் சொல்லிக் குடுக்கலட்டி," என்றாள். "ஒரு சொல்லு அவ காதுல விழல."

நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. சுவேதா துடைத்து முடித்து, திருப்தியில்லாமல் துணியைத் திருப்பி மடித்து, என் மற்றக் கையைக் கேட்டுத் தன் கையை நீட்டினாள்.